கூகிள் வேவ்: தட்டும்போதே தெரிந்த எழுத்து

2009 மே 28ஆம் திகதி கூகிள் நிறுவனம் அறிவித்த 'கூகிள் வேவ்', செப்டம்பர் 30 முதல் சுமார் ஒரு இலட்சம் பேருக்கு முன்னோட்டமாகத் திறந்துவிடப்பட்டது. கூகிள் மெப்ஸின் பின்னணியிலிருந்த லார்ஸ், ஜென்ஸ் ரஸ்முசன் சகோதரர்களின் ஆக்கம் இது. அப்போது அழைப்பு இருந்தால்தான் உள்ளே போக முடிந்தது. கட்டாரிலுள்ள நண்பர் அனுப்பிய அழைப்பில், தன்னாமுனையிலிருந்து இரண்டு வாரங்கள் பாவித்துப் பார்த்தேன்.

மின்னஞ்சல் ஆளுக்கொரு பிரதியாகப் போகிறது. வேவில் ஒரே பிரதிதான் இருந்தது. சேர்க்கப்பட்ட எல்லோராலும் அதையே திறந்து வாசிக்கவும், திருத்தவும், இடையில் பதில் எழுதவும் முடிந்தது. இருவர் ஒரே வேளையில் ஒரே வரியைத் திருத்தினாலும் அது இரண்டையும் பொருத்திக்கொண்டது. 'பிளேபேக்' பொத்தானை அழுத்தினால் யார் எதை எழுதினார், எதை மாற்றினார் என்பது ஒழுங்காக ஓடியது. கூட்டத்துக்கு யார் வருவார், யார் வரமாட்டார் என்று கேட்டு எண்ணவும் வசதி இருந்தது.

இதன் அருமை ஊர்ச் சங்கங்களை நடத்துபவர்களுக்குப் புரியும். ஒரு நிவாரணப் பட்டியலை ஐந்து பேருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் ஐந்து பட்டியல்களாகத் திரும்பி வரும். ஒரு ஏழையின் பெயர் விடுபட்டால், யார் விட்டது என்று யாருக்கும் தெரியாது. வேவில் பட்டியல் ஒன்றாக இருந்தது. அழித்தவர் பெயரும் அதிலேயே இருந்தது.

யோசிக்க வேண்டிய பக்கமும் இருந்தது. நீங்கள் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் மற்றவரின் திரையில் உடனே தெரிந்தது. தமிழில் 'க்' விழுந்து பிறகு 'க' ஆவதைக்கூட நண்பர் பார்த்துச் சிரித்தார். அது சிரிப்போடு போனது. கோபத்தில் எழுதி, பொறுமை வந்து அழித்த சொல்லையும் அவர் வாசித்திருப்பாரே! கடிதம் எழுதுபவருக்கு அனுப்புமுன் கிடைக்கும் அந்த ஒரு நிமிட அவகாசம் இங்கே இருக்கவில்லை. ஒருவரைச் சேர்த்த பின் நீக்கவும் அப்போது வழியிருக்கவில்லை.

இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் இது தானாக வேலை செய்யவில்லை. பயர்பொக்ஸ், குரோம் போன்ற ஒன்று வேண்டியிருந்தது. நமது பக்கத்து மெதுவான இணைப்பில் நீண்ட உரையாடல்கள் திணறின. பழைய கணினியென்றால் இன்னும் சிரமமாக இருந்தது.

எனவே மின்னஞ்சலைக் கைவிடத் தோன்றவில்லை. கூட்ட அறிக்கை, செலவுக் கணக்கு, பயணத் திட்டம் போன்ற பலர் சேர்ந்து எழுதும் வேலைகளுக்கு வேவ் பரீட்சித்துப் பார்க்கத் தக்கதாக இருந்தது. குடும்பப் பிணக்கு, கடன், திருமணப் பேச்சு போன்றவற்றை அதில் எழுதுவது நல்லதாகப் படவில்லை. அவற்றுக்கு நேரில் போய்ப் பேசுவதே நல்லது.