மகமை

மகமை என்பது வணிகர்கள் தம் சரக்கின் அளவுக்கோ மதிப்புக்கோ ஏற்பத் தாமே விதித்துக்கொண்டு, அறப்பணிக்கென ஒதுக்கும் சிறு தொகையாகும். இது மகிமை எனவும் வழங்கப்படுகிறது. இஃது அரசு விதிக்கும் வரி அன்று. வணிகர் குழுவே விதித்துத் தண்டுவதாகும். தமிழகத்தில் கோயில்கள், சத்திரங்கள், பள்ளிகள் பல இந்நிதியால் உருவாயின.

நடைமுறை

மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு எனத் தொகை வரையறுக்கப்படும். ஒருமுறை செலுத்துவது சிறிதாயினும், வணிகம் நடக்கும் நாளெல்லாம் சேர்வதால் பெருநிதியாகிறது. ஒவ்வொரு தேவைக்கும் புதிதாக நன்கொடை கேட்க வேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு.

முன்னோடிகள்

13-ஆம் நூற்றாண்டுப் பிரான்மலைக் கல்வெட்டு, வணிகக் குழுவினர் தம் சரக்குகளின்மீது கோயிலுக்காக விதித்துக்கொண்ட பட்டணப்பகுடியைக் குறிப்பிடுகிறது. 17-ஆம் நூற்றாண்டில் பழனியில் உப்பு வணிகம் செய்த நகரத்தாரான குமரப்பன், முருகனுக்கு மகமை செலுத்தியவராக அறியப்படுகிறார்.

19-ஆம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களின் நாடார் உறவின்முறைகள் மகமையைக் கல்விக்குத் திருப்பின. கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த ஒரு சமூகம், பிறர் கொடையை எதிர்பாராது 1889-இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையை நிறுவியது. இல்லந்தோறும் ஒதுக்கிய பிடியரிசியும் அதற்கு உதவியது. காமராசர் இப்பள்ளியில் பயின்றார்.

போடிநாயக்கனூர்ப் பகுதி

தேனி மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூர், ஏலமலைச் சரிவுகளில் விளையும் ஏலக்காய்க்கு முதன்மையான சந்தையாகும். ஒரே விளைபொருளைச் சார்ந்தோர் ஒன்றுகூடிக் கல்விப்பணி ஆற்றும் மரபு இங்கும் காணப்படுகிறது. ஏலக்காய் விவசாயிகள் சங்கம் 1974-இல் இவ்வூரில் கல்லூரி ஒன்றை நிறுவியது. அண்மையிலுள்ள தேனியில், மேலப்பேட்டை இந்து நாடார் உறவின்முறை கல்வி நிறுவனங்களை நடத்தி வருகிறது.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

மேலைநாடுகளில் நிதி திரட்டுதலைத் தனித்தொழிலாக்கிய முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்கரான சார்லசு சம்னர் வார்டு. இவர் 1905-இல் வாசிங்டன் நகரில் இளைஞர் கிறித்தவ சங்கக் கட்டடத்துக்காக, லைமன் பியர்சுடன் இணைந்து, குறுகிய காலக்கெடுவும் விளம்பரமும் கொண்ட இயக்கத்தை நடத்தினார். அம்முறை கொடையாளரைத் தேடிச் செல்வது. மகமையோ வணிகம் நடக்கும் இடத்திலேயே சேர்வது.

சட்டநிலை

வட இந்தியாவில் இதையொத்த வழக்கம் தர்மதா எனப்படுகிறது. விலைச்சீட்டில் அறத்துக்கெனத் தனியே குறித்துப் பெறும் தர்மதாத் தொகை வணிகரின் வருமானம் ஆகாது என, பிச்லி காட்டன் மில்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விமர்சனம்

விருப்பக்கொடை எனப்பட்டாலும், உறவின்முறைக்குள் மகமை கட்டாயமாகவே இருந்தது. செலுத்தாதோர் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயினர். உறவின்முறை பிறப்பின் அடிப்படையில் அமைந்ததால், நிதியை ஆளும் உரிமையும் ஒரு சாதிக்குள்ளேயே நின்றது.

இவற்றையும் பார்க்க

உறவின்முறை
பிடியரிசி
மொய்
போடிநாயக்கனூர்