சேதுநாட்டுக் குதிரும் விதைக்கோட்டையும்

பாண்டி நாட்டின் கீழ்பாற் கடலை அணைந்து கிடக்கும் சேதுநாடு வானம் பார்த்த நாடு என்பது யாவரும் அறிந்ததே. வையை இந்நாட்டினுள் வந்து புகுமேனும், மதுரையையும் மானாமதுரையையும் பரமக்குடியையும் கடந்து இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை அடையுங்கால் அதன்கண் எஞ்சும் நீர் சிறிதே. பல ஆண்டுகளில் அச் சிறிதும் இன்றாம். ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் வாடைமழை ஒன்றே உழவர்க்கு உறுதுணை. அம் மழைநீரைத் தேக்கும் பொருட்டே பண்டையோர் கண்மாயினுங் கண்மாயாக ஏரிகளைத் தொடுத்து வைத்தனர். இராசசிங்கமங்கலத்துப் பெருங்கண்மாய் நாற்பத்தெட்டு மடையுடையது என்று ஊரார் இன்றும் பெருமை பேசுவர். மடை நாற்பத்தெட்டாயினும் மழை தவறின் பயன் யாது? 1789-ஆம் ஆண்டில் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை மேற்றிசை நோக்கி ஓடும் பெரியாற்று நீரை இப்பாற் றிருப்பக் கருதியதும், பெரும்பொருள் வேண்டப்படுதலின் அது கைகூடாது ஒழிந்ததும் வரலாறு. 1895-இல் ஆங்கில அரசினர் அவ்வணையை முடித்தபோது, அதன் பயன் பெரும்பாலும் மதுரைப் புறத்து நிலங்கட்கே ஆயிற்று.

இத்தகைய நாட்டிலே உணவுப்பொருளைச் சேமித்து வைத்தல் அச்சத்தால் எழுந்த செயலன்று. உழவின் ஓர் உறுப்பே ஆகும். இதனை அறிதற்கு இந்நாட்டு விதைப்பு முறையை முதற்கண் அறிதல் வேண்டும். காவிரி நாட்டிற்போல நாற்று நட்டு நீர் பாய்ச்சும் வழக்கம் ஈண்டுச் சிறுபான்மை. ஆவணி புரட்டாசியில், மழை வருமுன்னரே, உழுத புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தை நோக்கியிருத்தலே பெரும்பான்மை. ஒரு மழை பெய்து விதை முளைத்தபின் வானம் இருபது நாள் மறுக்குமாயின் முளை கருகும். மீண்டும் விதைத்தாலன்றி அவ்வாண்டிற் கதிர் இல்லை. ஆதலின் அறிவுடைய உழவன் இருமுறை விதைத்தற்கு வேண்டும் நெல்லை முன்னரே எடுத்து வைப்பான். அவ் விதைநெல்லை நன்கு உலர்த்தி, வைக்கோற்புரியாற் சுற்றிப் பொதிந்து, புறத்தே சாணமிட்டு மெழுகிக் காயவைப்பர். இதுவே கோட்டை எனப்படுவது. வீட்டில் உலை ஏறாத நாளினும் விதைக்கோட்டையை அவிழ்த்தல் ஆகாது என்பது குடும்பத்தார் அனைவர்க்கும் தெரிந்த கட்டளை.

உண்ணும் நெல்லுக்கு இடம் குதிர். மண்ணாற் செய்த உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சந்துகளைப் பூசி, மேல்வாயாற் கொட்டி, அடியிலுள்ள சிறு துளையால் வேண்டும்பொழுது வாங்கிக்கொள்வர். ஈரம் ஏறாமைக்குக் கீழே கல் அடுக்குவர். புழு அணுகாமைக்கு வேம்பின் இலையும் நொச்சியிலையும் இடையிடையே இடுவர். முதுகுளத்தூர், கமுதி முதலிய மேட்டுநிலத்தார்க்கு நெல்லினும் வரகும் குதிரைவாலியுமே உற்ற துணை. வரகு உமியோடு இருக்குங்காறும் ஆண்டு பல கழியினும் கெடாது. வேண்டிய அன்று குற்றிக் கொள்ளலாம். கடற்கரைப் பக்கத்தார்க்குப் பனை மற்றொரு களஞ்சியம். கருப்பட்டியை ஓலைப்பெட்டியிலிட்டு அடுப்பின் மேலுள்ள பரணில் ஏற்றிவிடின், புகை படுதலால் மழைக்காலத்தும் கசியாது நிற்கும். பனங்கிழங்கை உலர்த்தி மாவாக்கி உண்ணும் வழக்கம் எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்தாரிடம் பெருகியுள்ளது. வலைஞர் உணங்கல் மீன் சேமித்தல் அவர்தம் தொழிலுக்கு இயைந்தது. அதனை ஈண்டு விரிப்பது வேண்டா.

இவ் விதைநெல்லின் அருமையை அறிந்தார்க்கே இளையான்குடி மாற நாயனார் செயலின் அருமை விளங்கும். இளையான்குடி 1985 வரை இராமநாதபுர மாவட்டத்துள் இருந்தது; இப்பொழுது சிவகங்கை மாவட்டத்தது. நாடோறும் அடியார்க்கு அமுதளித்து வறுமை எய்திய அப் பெரியார் இல்லத்திற்கு, மழை பெய்யும் நள்ளிரவில் சிவபெருமான் அடியவராய் எழுந்தருளினார். மனையிற் குதிரும் இல்லை, கோட்டையும் இல்லை. பகலில் வயலிலே விதைத்த முளைநெல் ஒன்றே உளது. அதனை இருளிற் சென்று வாரி வந்து அமுதாக்கினர் என்று சேக்கிழார் பெருமான் அருளிச் செய்தார். சேதுநாட்டு உழவன் இவ் வரலாற்றைக் கேட்குங்கால், ஓர் இரவின் உணவை அன்று, வரும் ஆண்டு முழுவதையுமே நாயனார் கொடுத்துவிட்டார் என்று உணர்வான். நூலை மட்டும் கற்றார் இவ்விடத்தை விரைந்து கடந்து செல்வதும் உண்டு.

இதனோடு கோட்புலி நாயனார் வரலாற்றை ஒப்பிட்டு நோக்குதல் தகும். நாட்டியத்தான்குடியிற் றோன்றிய அவர், சோழன் படைத்தலைமை பூண்டு பெற்ற பொருளெல்லாம் சிவன்கோயில் திருவமுதுக்கு நெல்லாக்கிக் கூடு கட்டி வைத்தார். போர்மேற் செல்லுங்கால் அதனைத் தொடலாகாது என்று சுற்றத்தார்க்கு ஆணையிட்டுச் சென்றார். பஞ்சம் வந்தது. உண்டு உயிர் பிழைத்துப் பின்னர்க் கொடுத்துவிடுவோம் என்று சுற்றத்தார் கூட்டைத் திறந்தனர். மீண்டுவந்த நாயனார் அவர் எவரையும் உயிரோடு விடவில்லை. உலகியலார்க்கு இது பெருங்கொடுமையாகவே தோன்றும். சேக்கிழாரும் சுற்றத்தாரின் பசியை மறைத்தாரல்லர். அவர்தம் கருத்தை அவர் வாயிலாகவே வெளிப்படுத்தினார். மாறனார் ஈந்தது தமது நெல். சுற்றத்தார் எடுத்தது சிவனது நெல். சேமித்த தானியம் யாருடையது என்னும் வினாவே இரண்டு வரலாற்றிற்கும் நடுநின்றது.

சேதுபதிகளின் காலத்தில் இவ் வினாவிற்கு அறச்சாலைகள் ஒருவாறு விடையாயின. காசியினின்றும் பிற நாடுகளினின்றும் இராமேச்சுரம் நோக்கி வரும் யாத்திரிகர்க்கு வழிநெடுகச் சத்திரங்களும் மடங்களும் எழுந்தன. அவற்றின் செலவுக்கு ஊர்களும் நிலங்களும் விடப்பட்டன. அவற்றின் விளைவு நெல்லாகவே வந்து களஞ்சியம் சேர்ந்தது. அத் தருமத்திற்குத் தீங்கு நினைத்தார் கங்கைக்கரையிலும் சேதுக்கரையிலும் பசுவைக் கொன்ற பாவத்தில் விழுவர் என்பது செப்பேடுகளிற் காணப்படும் ஓம்படை. கோட்புலியாரின் வாள் பிற்காலத்தே இவ்வாறு சொல்லாக மாறியது போலும்!

இச் சேமிப்பு முறை முழுதும் முறிந்து வீழ்ந்தது தாது வருடத்தில். 1876-ஆம் ஆண்டில் இருபருவ மழையும் பொய்த்தன. அப்பொழுது பாஸ்கர சேதுபதி எட்டு வயதுச் சிறுவர். சமஸ்தானம் 1873 முதல் அரசாங்க மேற்பார்வையில் இருந்தது. புகைவண்டி மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் வந்திருந்ததேயன்றிச் சேதுநாட்டினுள் வந்திலது. மண்டபம் வரை பாதை வந்தது 1902-இலேயாம். வண்டி இழுக்கும் காளைகள் தீனியின்றி மாண்டமையால், துறைமுகத்தில் இறங்கிய அரிசி உள்ளூர்க்குச் செல்லுதல் அரிதாயிற்று. சென்னைக் கவர்னர் பக்கிங்காம் பிரபு 30,000 டன் அரிசியை அரசின் சார்பில் வாங்கினார். வியாபாரத்திற் றலையிடலாகாது என்னும் கொள்கையுடைய இந்திய அரசு அதனைக் கண்டித்தது. பின்னர் வந்த ரிச்சர்டு டெம்பிள் என்பார் வேலை செய்யும் ஆணொருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று வரையறுத்தார். ஒரு பவுண்டாவது அரைக் கிலோவினுங் குறைவு. மாகாண முழுதும் மாண்டார் 30 இலட்சத்தின் மேற்பட்டோர்.

குதிர்கள் முதலில் ஒழிந்தன. பின்னர்க் கோட்டைகள் அவிழ்ந்தன. 1877-இன் பிற்பகுதியில் மழை மீண்டபோது பெய்த நீரில் விதைக்க விதையும், உழ மாடும் இல்லாத குடிகள் பலர். அவருள் ஒரு சாரார் கடல்கடந்து மன்னார்க் கரையேறி, காட்டுவழியே நடந்து இலங்கையின் மலைத்தோட்டங்கட்குக் கூலிகளாயினர். வழியில் விழுந்தவரும் உளர். வயிற்றுப் பசிக்காக விதையை உண்டவரைக் குறைகூறுதல் எளிது. மாறனார் வயலிற் சென்று வாரிய இரவு ஒன்று. இம் மக்கட்கு அத்தகைய இரவுகள் பல வந்தன.

அதன்பின் அறுபத்தைந்து ஆண்டு கழித்துப் பிறிதொரு வகையாக இடர் வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டது. அந்நாட்டு அரிசியை நம்பிப் பழகிய தென்னாட்டுக் கரையோர ஊர்கட்குக் கப்பல் வரவு நின்றது. அவ்வாண்டு ஏப்ரலிற் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீழ்ந்தமை சேதுக்கரைக்கு மிக அணித்தே நிகழ்ந்ததாகும். குடும்பச் செலவும் விதையும் நீக்கி எஞ்சியதை அரசுக்கு அளித்தல் வேண்டும் என்னும் கொள்முதல் முறையும் உணவுப் பங்கீடும் தொடர்ந்தன. பதுக்கல் என்னும் சொல் ஊர்தோறும் வழங்கியது அக்காலத்தே. முன்னோர் காலத்தில் வீட்டின் மதிப்பாய் நின்ற குதிர், அதிகாரி அளந்து பார்க்கும் பொருளாயிற்று. விலையேற்றம் நோக்கிப் பூட்டிய வணிகன் கிடங்கும், அடுத்த தை வரை மக்களைக் காக்க வைத்த உழவன் குதிரும் ஒன்றாகா. ஆயினும் வங்கநாட்டில் 1943-இல் இலக்கக்கணக்கானோர் பட்டினியால் மாண்டதை நோக்குவார், அளந்து பார்த்த அதிகாரியை முற்றும் பழித்தல் இயலாது.

இராமேச்சுரத் தீவின் நிலை இன்னும் வேறு. அங்கு மணலும் பனையும் தென்னையும் உண்டு, நெல்வயல் இல்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்படும்வரை, இறைவனது திருவமுதும் யாத்திரிகர் உண்ணும் சோறும் தோணியேறியே வந்தன. வாடை மிக்க நாளிற் றோணி ஓடாது. ஆதலின் மழைக்காலத்தின் முன்னரே அரிசியும் பருப்பும் புளியும் வாங்கி வைத்தல் தீவார்க்கு இயல்பு. பாலம் வந்தபின் அவ் வழக்கம் தளர்ந்தது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்து, அங்குச் சென்ற புகைவண்டியையும் அதிலிருந்தோரையும் கொண்டு, பாலத்தையும் சிதைத்தது. உயிர் தப்பினோர் இராமநாதர் திருக்கோயிற் பிராகாரங்களில் அடைக்கலம் புகுந்தனர். பாலம் 46 நாளிற் செப்பனிடப்பட்டது. அந் நாட்களில் அரிசி மூட்டைகள், 1914-க்கு முன் வந்தவாறே, மண்டபத்திலிருந்து கடல்வழி வந்தன.