பத்து நிமிஷத்துக்காக ஒரு சங்கம்

உங்க ஆபீஸ்ல லஞ்ச் பிரேக் எவ்வளவு நேரம்? 1918-ல், பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் அது 30 நிமிஷம். நம்ம ஊர்ல பின்னி மில்னு சொல்வாங்களே, அதேதான்.

1911-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டப்படி ஜவுளி ஆலையில் ஓர் ஆளை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். நடுவில் அரை மணி நேரம் இடைவேளை விட்டால் போதும். ஆக, நிர்வாகம் சட்டத்தை மீறவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்க. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் மெஷினை விட்டு இறங்கணும், கை கழுவணும், உட்கார இடம் தேடணும், சாப்பிடணும், திரும்ப மெஷினுக்கு வரணும். அந்த அரை மணியில் சாப்பாட்டுக்கு எவ்வளவு மிஞ்சும்?

இதில் ஒரு முரண் இருக்கு. அந்தக் காலத்தில் பி அண்ட் சி மோசமான கம்பெனின்னு பெயர் எடுத்தது இல்லை. மில்லுக்குள் வேலை பார்த்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பல ஆலைகளைவிட நல்ல இடம் என்றே பெயர். இன்றைய பாஷையில், 'பெர்க்ஸ்' நிறைய. இல்லாதது ஒன்றுதான்: மேஸ்திரியோ வெள்ளைக்கார சூப்பர்வைசரோ திட்டினால், கை நீட்டினால், அதை எங்கே போய்ச் சொல்வது என்ற வழி.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் மூணு மாசத்துக்கு ஒரு முறை சர்வே வரும். பெயர் போட வேண்டாம், மனசுல பட்டதை எழுதுங்கன்னு சொல்வாங்க. வார இறுதி ரிலீஸை நிறுத்துங்கன்னு நாங்க ஒவ்வொரு தடவையும் எழுதினோம். மதிப்பெண் மட்டும் அழகான ஸ்லைடா திரும்பி வந்தது. சனிக்கிழமை ரிலீஸ் அப்படியே தொடர்ந்தது. சொல்ல இடம் இருப்பதும், சொன்னதுக்குப் பதில் வருவதும் வேற வேற.

பெரம்பூர்க்காரர்கள் அந்த இடத்தைத் தாங்களே கட்டினார்கள். செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகள், தொழிலாளர்களின் குறைகளை அன்னி பெசன்ட் அம்மையாரின் சகாவான பி.பி. வாடியாவிடம் கொண்டுபோனார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். திரு.வி.க.வும் முன்னணியில் நின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பொதுவாக இதைத்தான் சொல்வார்கள். ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று, 30 நிமிஷத்தை 40 ஆக்குங்கள் என்பது. அது கிடைத்தது.

பத்து நிமிஷம் கொடுத்த நிர்வாகத்தால், சங்கம் என்ற ஒன்று இருப்பதைப் பொறுக்க முடியவில்லை. 1918-லேயே கதவடைப்பு. 1920-ல் மறுபடியும் கதவடைப்பு. அந்த டிசம்பர் 9-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். பின்னி கம்பெனி வாடியா மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று.

1921 வேலைநிறுத்தம் இன்னும் கசப்பானது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் இதில் சேர வேண்டாம் என்று எம்.சி. ராஜா சொன்னார். மில் தகராறு புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக வெடித்தது. ஒற்றுமை குலைந்ததும் வேலைநிறுத்தம் தோற்றது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுது. 1922-ல் நிர்வாகமே மில்லுக்குள் ஒரு நலக் கமிட்டி அமைத்தது. குறைகளை அங்கே பேசலாம். அதாவது தொழிலாளர்கள் பேச ஓர் இடம் வேண்டும் என்பதை நிர்வாகமும் ஒத்துக்கொண்டது. அந்த இடம் தன் கையில் இருக்கணும், அவ்வளவுதான்.

ஆனால் வாடியா வழக்கு வேறொரு கதவைத் திறந்தது. சங்கம் வைத்ததற்கே ஒருவரைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்றால், எந்தச் சங்கம் பிழைக்கும்? 1921-லேயே என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் இதை எழுப்பினார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்துக்கு அந்த மாதிரி வழக்குகளிலிருந்து பாதுகாப்பும் வந்தது.

அடுத்த முறை உங்க ஆபீஸ்ல ஒரு கமிட்டி போட்டா, ஒண்ணு மட்டும் கேளுங்க: இதுல நம்ம சார்பா பேசுற ஆளைத் தேர்ந்தெடுத்தது யாரு?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.