கோவர் தெருவும் மண்டைக்குள் கசியும் ரத்தமும்

லண்டன் கோவர் தெருவில் சிலுவை வடிவில் ஒரு சிவப்புச் செங்கல் கட்டடம் இருக்கு. 1906-ல் யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியாகத் திறந்தாங்க. இப்போ அதில் காலேஜ்தான் நடக்குது. அந்த ஆஸ்பத்திரியில் வில்ஃப்ரெட் டிராட்டர்னு ஒரு சர்ஜன் இருந்தார். நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

மூளையைச் சுற்றி டியூரா என்று ஒரு தடித்த உறை. வயசாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். மூளைக்கும் உறைக்கும் நடுவே பாலம் மாதிரி போகிற ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். அலமாரிக் கதவில் லேசா இடிச்சாலே ஒன்று கிழிந்து கசியலாம். வாரக்கணக்கில் ஒண்ணும் தெரியாது. அப்புறம் தலைவலி, தள்ளாட்டம், மறதி, ஒரு பக்கக் கை கால் பலவீனம். அதற்குள் இடிச்சதே மறந்து போயிருக்கும். இதுதான் நாள்பட்ட சப்டியூரல் ஹெமட்டோமா.

1857-ல் ஜெர்மனியின் பெரிய நோயியல் மேதை விர்ச்சோ, இது உறையில் வரும் அழற்சி என்று எழுதினார். மேதை சொன்னால் அப்பீல் ஏது? டிராட்டர் 1914-ல் தன் நோயாளிகளை வைத்து, இது அடிபட்டதால் கசிந்த ரத்தம் என்று வாதாடினார். பெயர்ச் சண்டை இல்லை இது. அழற்சி என்றால் கத்திக்கு வேலை கிடையாது. ரத்தம் என்றால் ஓட்டை போட்டு வடிக்கலாம், ஆளும் எழுந்து உட்காரலாம்.

ஆனால் ரத்தம் எங்கே இருக்குன்னு மண்டையைத் திறக்காமல் எப்படிப் பார்ப்பது? அதற்கும் விடை லண்டனில்தான். 1971 அக்டோபர் 1 அன்று, விம்பிள்டன் அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. 1979-ல் அவருக்கும் கோர்மக்குக்கும் நோபல்.

2009-ல் கேம்பிரிட்ஜ் டாக்டர்கள் ஒரு எளிய விஷயத்தைச் சோதித்தார்கள். வடித்த பிறகு இரண்டு நாள் ஒரு குழாயை விட்டு வைத்தால், மறுபடி ரத்தம் சேர்ந்து ஆபரேஷன் செய்வது 24 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் ஏறக்குறைய பாதி ஆனார்கள்.

விர்ச்சோ முழுக்கத் தப்பும் இல்லை. கசிந்த ரத்தத்தைச் சுற்றி அழற்சி வருவது உண்மைதான். அதை அடக்க ஸ்டீராய்டு கொடுத்துப் பிரிட்டனில் சோதித்தார்கள். 2020-ல் முடிவு வந்தது: மறு ஆபரேஷன் குறைந்தது, ஆனால் ஆறு மாதம் கழித்து நல்லபடியா இருந்தவர்களும் குறைந்துவிட்டார்கள்!

முதுகுத் தண்டைச் சுற்றி ரத்தம் கட்டினால் பெரும்பாலும் வாரக்கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான். திடீர் முதுகுவலியோடு கால் மரத்துப் போனால் உடனே ஓடணும்.

ஊருக்குப் போன் பேசும்போது, "தாத்தாவுக்கு ஒரு மாசமா புத்தி தடுமாறுது, வயசாச்சில்ல" என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: எங்கேயாவது விழுந்தாரா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவர்னா ரெண்டு தடவை கேளுங்க. விழவே இல்லைன்னு சொன்னாலும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. வயசுக்கு வைத்தியம் இல்லை, இதுக்கு இருக்கு.