வாழ்க்கைத் தரம்

நிலவரித் திட்டத்தில் மண்ணின் வளம் பார்த்துத் தரம் பிரித்துத் தீர்வை விதிப்பார்கள். அங்கே தரம் என்றால் வகுப்பு, படிநிலை. ‘வாழ்க்கைத் தரம்’ என்றதும் வருமானம், வீடு, வண்டி என்றே மனம் ஓடுவதும் அந்தப் பழக்கமோ என்னவோ! அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் பற்றிய ஆய்வில் இதன் பொருள் விரிவானது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஷாலக் எட்டுக் கூறுகளைச் சொன்னார்: உடல்நலம், மனநலம், பொருள் வசதி, உறவுகள், தன் வளர்ச்சி, தன் முடிவு, சமூகத்தில் இடம், உரிமைகள். இவற்றில் வீட்டார் அன்பினாலேயே பறித்துவிடுவது தன் முடிவு. என்ன உடுத்துவது, யாரோடு தங்குவது, கைக்காசை எதற்குச் செலவிடுவது என்பதெல்லாம் இதில் அடங்கும்.

இந்த வாழ்க்கைத் தரத்தை அளக்க ஷாலக்கும் கென்னத் கீத்தும் 1993இல் வெளியிட்ட வினாப்பட்டியலில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகளில் ஒன்றைத் தேர வேண்டும். தானே சொல்ல இயலாதவருக்காக, அவரை நன்கறிந்த இருவர் தனித்தனியே விடையளிப்பார்கள், சராசரி எடுக்கப்படும். அந்த இருவர் சொல்வது அவர் மனமா, தங்கள் மனமா என்பது தீராத வழக்கு. நேரில் கேட்பதிலும் சிக்கல் உண்டு. “இங்க சந்தோஷமா இருக்கீங்களா?” என்றால் கேட்பவர் முகம் பார்த்து “ஆமாம்” என்பவர்கள் உண்டு. அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்பார்கள். “இங்க இருக்கப் பிடிக்கலையா?” என்பதற்கும் “ஆமாம்” வந்தால், முதல் விடையையும் நம்ப முடியாது.