காட்டேரியில் பிறந்த மின்சாரம்

வானகரத்துச் சமவெளியில் வாழும் நமக்கு நீர் என்றால் ஏரியும் கூவமும்தான். இங்கே நீர் தேங்கும், மெல்ல நகரும், விழாது. சென்னை நகரம் நிலக்கரியை எரித்து, பேசின் பிரிட்ஜ் நீராவி நிலையத்தில் தன் மின்சாரத்தைப் பெற்றதற்கு இந்நில அமைப்பும் ஒரு காரணம். விழும் நீரின் வரலாற்றைத் தேட நாம் நீலகிரிக்கே ஏறவேண்டும்.

இந்தியாவின் முதல் நீர்மின் நிலையம் 1897இல் டார்ஜிலிங்கை அடுத்த சித்ராபோங்கில் தொடங்கியது. திறன் 130 கிலோவாட் மட்டுமே. 1902இல் காவிரியின் சிவசமுத்திர மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்குச் சென்றது. வீட்டு விளக்குக்கு முன் தங்கம்!

தமிழகத்திலும் இதே கதைதான். நீர்மின்சாரம் என்றதும் பலரும் பைக்காராவைச் சொல்வர். ஆனால் அதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு முன்பே, குன்னூர் அருகே காட்டேரியில் சுமார் 1,000 கிலோவாட் திறனுள்ள சிறு மின்நிலையம் அமைந்தது. அதன் மின்சாரம் அருவங்காட்டில் துப்பாக்கிக்கும் பீரங்கிக்குமான கார்டைட் வெடிமருந்து செய்யும் தொழிற்சாலைக்கானது. குருதி கேட்கும் தெய்வத்தின் பெயர் அவ்வருவிக்கு வாய்த்தது தற்செயலே எனினும், நம்மால் புன்னகையோடு கடந்துவிட முடியவில்லை.

பைக்காராவில் 1929இல் பணி தொடங்கி 1932இல் மின்சாரம் வந்தது. சிவசமுத்திரத்தில் நீரின் வீழ்ச்சி ஏறத்தாழ 400 அடி. இங்கோ 3,000 அடி. நீரின் அளவும் வீழ்ச்சியின் உயரமும் சேர்ந்தே மின்திறனைத் தீர்மானிப்பதால், குறைந்த நீரே இங்குப் போதுமானதாயிற்று. மலையடிவாரச் சிங்காராவில், கிண்ணங்கள் பொருத்திய சக்கரத்தின் மீது அந்நீர் ஊசிபோல் பாய்ந்தது. கோவையில் பஞ்சாலைகள் பெருகின. கிணறுகளில் கவலை ஓய்ந்து மின்மோட்டார் வந்தது. கோவைத் தொழில் வளத்தை முதலாளிகளின் ஊக்கத்தால் மட்டும் விளக்குவோர் இந்த மலைநீரை மறந்துவிடுகின்றனர் என்பது நம் கருத்து.

தோடர்களுக்குப் பைக்காரா புனித ஆறு. அதைக் கடப்பதற்கே அவர்களிடம் விதிகள் இருந்ததை 1906இல் வெளியான தம் நூலில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் பதிவு செய்தார். ஏறத்தாழ அடுத்த கால் நூற்றாண்டில் அவ்வாறு இரும்புக் குழாய்க்குள் இறங்கிற்று. 1952இல் மோயாறு மின்நிலையமும் வந்தபின், சிங்காராவில் உழைத்த நீர் அங்கே மறுமுறை உழைத்துவிட்டே பவானியைச் சேர்கிறது.