கிணறு இறைத்த நாட்கள்

எமது சங்கத்தின் நூறு ஆண்டுகளில் மட்டக்களப்பு கண்ட பேரழிவுகளுள் இரண்டை எவரும் மறந்திருக்கமாட்டோம். ஒன்று சூறாவளி, மற்றது சுனாமி. அழிவைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். அதன்பின் நடந்த துப்புரவுப் பணியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி மாவட்டத்துத் தென்னைகளில் பெரும்பங்கைச் சாய்த்தது. வீதிகளை மரங்கள் மூடிக் கிடந்தன. அவற்றை வெட்டி அகற்றினால்தான் உணவும் மருந்தும் ஊருக்குள் வரலாம். தோட்டங்களில் விழுந்தவற்றையும் விட்டுவைக்க முடியாது. உக்கும் தென்னங்குற்றியில் காண்டாமிருக வண்டு பெருகும். தப்பி நின்ற மரத்தையும் அது துளைக்கும். குப்பையை உடனே அகற்று என்பதே எம் மூத்தோர் அன்று கற்ற பாடம்.

அதே பாடத்துடன்தான் 2004 டிசெம்பர் 26இன் பின் நாமும் சிரமதானத்தில் இறங்கினோம். அப்போது நான் மருத்துவ மாணவி. ஓட்டுத்துண்டும் ஆணியும் தகரமும் பொறுக்கினோம். அது சரியான வேலை. வெறுங்காலில் ஏறும் துருப்பிடித்த ஆணி ஏர்ப்புவலிக்கு வழி. பின்னர் கிணறுகளுக்குச் சென்றோம். கிழக்குக் கரையில் ஏறத்தாழ 40,000 கிணறுகள் பாதிக்கப்பட்டதாகப் பின்னர் மதிப்பிட்டனர். உப்புப் போகும்வரை இறைப்போம் என்று நீர்ப்பம்பியை வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தோம். உப்புப் போகவில்லை.

காரணம் எம் மணலுக்கடியில் இருந்தது. கரையோர மணலில் நன்னீர், கனமான உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழிருக்கும் உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலெழக்கூடும். அளவுக்கு மீறி இறைக்கும்போது உப்பை நாமே மேலே அழைக்கிறோம். குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை நீக்காது. சேற்றையும் குப்பையையும் அகற்றி, அளவோடு இறைத்துவிட்டு, பவுசர் தண்ணீரை நம்பிக் காத்திருந்திருக்க வேண்டும். ஈற்றில் கிணறுகளைக் கழுவியது மாரி மழைதான்.

இதைவிடப் பெரிய அவசரம் ஒன்றும் நடந்தது. கொள்ளைநோய் பரவும் என்ற அச்சத்தில் பல சடலங்கள் அடையாளம் காணப்படாமலே புதைக்கப்பட்டன. இயற்கை அழிவில் மாண்டோரின் உடல்களால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்பதே மருத்துவம் கண்ட உண்மை. ஒரு படமும் ஒரு குறிப்பும் எடுத்திருந்தால், பிள்ளையின் குழி எதுவென்று தெரியாத தாய்மார் இன்று குறைவாக இருந்திருப்பர்.

அடுத்த அழிவு வரும்போது இந்நூலைப் புரட்டும் தங்கைமாருக்கு நான் சொல்வது இதுதான்: மரத்தையும் தகரத்தையும் உடனே அகற்றுங்கள். கிணற்றுக்கு மழைவரை பொறுத்திருங்கள். இறந்தவருக்கு ஒரு பெயர் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்.